தொலைந்தது தாள், கதிரை இல்லை

காசு கட்டி வாங்கின ரிக்கற் தபாலில் வராமல் போனால், எங்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "சரி, போனாப் போகட்டும்." அங்கேதான் பிழை. நாங்கள் வாங்கியது தாளை இல்லை, கதிரையை. தாள் கைக்கு வந்து சேராவிட்டால் முதலில் விற்றவரிடம்தான் கேட்கவேணும்.

ஆகவே முதலில் தபாற்கந்தோருக்கு ஓடாதீங்கோ. விற்றவரிடம் பணம் கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டி, பழைய ரிக்கற் இலக்கத்தை ரத்துச்செய்து புதிது கேளுங்கோ. நாள் நெருங்கிவிட்டதா? வாசலில் இருக்கும் பெயர்ப்பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கோ.

பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் அதற்கொரு இலக்கம் இருக்கும். தபாற்கந்தோர் தந்த பற்றுச்சீட்டும் அனுப்பினவரிடம்தான். அவரே விசாரிக்கட்டும். சாதாரணத் தபாலுக்கு அப்படி எந்தத் தடமும் இல்லை. ஆயிரக்கணக்கான ரூபா ரிக்கற்றை வெறும் முத்திரை ஒட்டி அனுப்பியது அவர்களின் தெரிவு. நட்டத்தை நாங்கள் ஏன் சுமக்கவேணும்?

மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கோ. பிறகு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கி 3 மாதத்துக்குள் செய்யவேணும்.

வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால் காசு அவர்களிடம், கதிரை வெறுமை. அடுத்தவருக்கும் அதே முத்திரைதான் ஒட்டுவார்கள்.