குற்றவாளிக் கலங்களை இனங்காணுதல்

வேலியே பயிரை மேய்வது போன்று, உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனக் கலங்களே உடலைத் தாக்கும் நோய்கள் பல உள்ளன. இவற்றுக்கு நிர்ப்பீடனத் தொகுதியைப் பரவலாக அடக்குவதே பெரும்பாலும் கைக்கொள்ளப்படும் வழியாகும். ஒரு சிலரின் குற்றத்துக்காக ஊர் முழுவதையும் ஊரடங்கில் வைப்பதற்கு இது ஒப்பானது. தொற்றுநோய்கள் இலகுவில் பற்றுவது அதன் விலை.

முள்ளந்தண்டை இறுகச் செய்யும் அங்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ் நோய்க்கும் எச்.எல்.ஏ. பி27 பரம்பரை அலகுக்குமிடையிலான தொடர்பு 1973 இலேயே அறியப்பட்டது. எனினும், குற்றவாளிக் கலங்கள் எவையென்பது நீண்டகாலம் புலப்படவில்லை. நோயாளரின் 'ரி' கலங்களிலுள்ள வாங்கிகளின் மரபணு வரிசையை வாசித்தபோதே ரி.ஆர்.பி.வி.9 வகை மீது ஐயம் விழுந்தது. அவ்வகைக் கலங்களை மட்டும் இலக்கு வைக்கும் செனிப்ருடுக் என்ற மருந்துக்கு 2024 இல் ரஷ்யா அனுமதி வழங்கியது. அதன் நீண்டகாலப் பயனும் பாதுகாப்பும் இனிமேல்தான் உறுதிப்பட வேண்டும்.

ஆயினும், நாம் கவலையுடன் நோக்கும் விடயம் வேறொன்று. உலகின் மரபணுத் தரவுகளில் மிகப் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. பரம்பரை அலகுகளோ மக்களுக்கு மக்கள் வேறுபடுகின்றன. ஒரு சாராரின் குருதியை மட்டும் வாசித்து உருவாக்கப்படும் மருந்து அனைவருக்கும் பொருந்துமென எவரும் உத்தரவாதம் அளிக்க முடியாது. ஆசிய, ஆபிரிக்க மக்களும் இவ்வாய்வுகளில் உள்ளடக்கப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.