புழுவுக்குத் தெரு தெரியாது

2018ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். எங்கள் காட்டில் மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. காடு என்றால் சொந்தக் காடு அல்ல, குத்தகை. ஒண்ணேகால் ஏக்கர் கரிசல், வானம் பார்த்த பூமி. ஒரு நாள் காலையில் அம்மா குருத்தைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே மரத்தூள் கொட்டியதுபோல் எச்சம் கிடந்தது. அடியில் புழு. அடுத்த செடியிலும் புழு. பத்து நாளில் இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது.

அது படைப்புழு. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 2016இல் ஆப்பிரிக்காவுக்கு வந்து, 2018இல் கர்நாடகத்தில் கால்வைத்து, அதே பருவத்தில் தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளை மேய்ந்தது. எங்கள் யாருக்கும் அதன் பெயர்கூட அன்று தெரியாது.

அதே ஐப்பசியில், அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. என் அம்மாவுக்குத் தெரிந்த தொழில் இரண்டு. ஒன்று வெள்ளாமை, இன்னொன்று சரம் பின்னுவது. நாரணாபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பாதி வீடுகள் இப்படித்தான். மழை பெய்தால் காடு, பெய்யாவிட்டால் பட்டாசு ஆலை. அந்த ஒரே மாதத்தில் காட்டைப் புழு தின்றது, சரத்தைத் தீர்ப்பு அறுத்தது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் பூட்டப்பட்டு மாதக்கணக்கில் திறக்கவே இல்லை.

இந்தக் கதையில் நான் சொல்ல வந்தது புழுவைப் பற்றியோ தீர்ப்பைப் பற்றியோ அல்ல. புழுவை என்ன செய்வது என்கிற செய்தி எந்த வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தது என்பதைத்தான்.

படைப்புழுவுக்காக ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. ஊர்த்தெரு மண்டபத்தில், ஒரு வேலைநாள் காலை பதினோரு மணிக்கு. எங்கள் தெருவில் யாரும் வந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் சரம் பின்னிக்கொண்டிருப்பார்கள். சொல்லி, வேலையும் இல்லாதிருந்தாலும், அந்த மண்டபத்தில் எங்கே உட்காருவது என்கிற கேள்வி இருக்கிறது. அது அழைப்பிதழில் அச்சாகாத கேள்வி. எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு மட்டும் தெளிவாகத் தெரியும்.

அம்மாவுக்குச் செய்தி ஆலை வேனில் வந்தது. பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி, அம்மா மதினி என்று கூப்பிடுபவர், வேனில் அருகில் உட்கார்ந்திருந்தார். "விடியக்காலையே காட்டுக்குப் போ மதினி. இலைக்கு அடியில பஞ்சு ஒட்டுன மாதிரி முட்டை இருக்கும், நசுக்கிப் போடு. காய்ஞ்ச மணலக் குருத்துல அள்ளிப் போடு. வேப்பங்கொட்டைய இடிச்சு ராத்திரி ஊறவச்சு, காலையில வடிகட்டி அடி." அவர் அதைத் தன் அண்ணனிடம் கேட்டிருந்தார், அண்ணன் இன்னொருவரிடம். ஆப்பிரிக்காவில் சிறு விவசாயிகள் குருத்தில் மணலும் சாம்பலும் போட்டுத்தான் இதே புழுவைச் சமாளித்தார்கள் என்று நான் பிற்பாடு படித்தேன். அம்மா அதைப் படிக்காமலே செய்தார். முழுவதும் தப்பவில்லை. பாதி தேறியது. அந்தப் பாதிதான் ஆலை பூட்டிக்கிடந்த மாதங்களில் எங்கள் வீட்டுக்கு அரிசியானது.

இதற்கு இன்று அழகான பெயர்கள் இருக்கின்றன. உழவர் ஆர்வலர் குழு, உற்பத்தியாளர் குழு, வயல்வெளிப் பள்ளி. வயல்வெளிப் பள்ளி என்பது 1989இல் இந்தோனேசியாவில் நெல்லின் புகையான் பூச்சியை எதிர்கொள்ளப் பிறந்த முறை. வாத்தியார் கரும்பலகையில் எழுத மாட்டார். விவசாயிகள் வாரம் ஒருமுறை ஒரு வயலில் கூடி, தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் பூச்சி எத்தனை என்று தாங்களே எண்ணிப் பார்த்து, மருந்து தேவையா இல்லையா என்று தாங்களே முடிவு செய்வார்கள். அருமையான முறை. என் கேள்வி ஒன்றுதான். அது யாருடைய வயலில் நடக்கிறது?

'முன்னோடி விவசாயி' வயலில் நடக்கும். முன்னோடி ஆக வேண்டுமென்றால் பட்டா வேண்டும், கிணறு வேண்டும், அதிகாரி ஜீப்பை நிறுத்தும் அளவுக்குப் பாதையோரத்தில் நிலம் வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சராசரிப் பண்ணை 1.08 ஹெக்டேர்தான். மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு உள்ள பட்டியல் சாதியினர் கையில் இருக்கும் சாகுபடிப் பரப்போ ஏறத்தாழ 9 விழுக்காடு. அந்தத் துண்டுகளும் பாதையோரத்தில் இருப்பதில்லை. என் அம்மாவைப் போன்ற வாய்மொழிக் குத்தகைதாரர்கள் கணக்கிலேயே வருவதில்லை. புழு தின்ற பயிருக்கு அரசு நிவாரணம் அறிவித்தபோது அடங்கலும் சிட்டாவும் கேட்டார்கள். புழு தின்றது எங்கள் உழைப்பை. பணம் போனது நிலத்துக்காரர் பெயருக்கு.

ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து உயர்வது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. கோயிலுக்குள் நுழையக்கூடாது என்று தடுக்கப்பட்ட நாடார் மக்கள், 1899இல் சிவகாசிக் கொள்ளையின் தீயையும் கண்டவர்கள். ஒவ்வொரு வியாபாரத்திலும் சிறு பங்கை 'மகமை' என்று எடுத்துவைத்துப் பேட்டைகளும் பள்ளிகளும் கட்டினார்கள். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். இன்றைய தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தூக்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஆனால் அந்த வரலாற்றில் எங்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. மகமை சாதியின் எல்லையோடு நின்றது. தொழில் ஊர் எல்லை தாண்டியது, தொழிலறிவு தெரு எல்லை தாண்டவில்லை. எங்கள் தெருக்காரர்கள் அந்த ஆலைகளுக்குள் கூலியாகத்தான் போனோம். பரஸ்பர உதவி சாதிக்குள் மட்டுமே சுற்றிவந்தால், அது ஒரு சாதியைத் தூக்கிவிடும். சாதியைத் தொடாது.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் 1983இல் தொடங்கிய தக்காண வளர்ச்சிக் கழகத்தின் பெண்கள் சங்கங்களைப் பாருங்கள். பெரும்பாலும் தலித் பெண்கள், மிகச் சிறிய மானாவாரி நிலம். தரிசைத் திருத்தினார்கள். நிலம் இல்லாதவர்கள் சேர்ந்து குத்தகை பிடித்தார்கள். மறைந்துகொண்டிருந்த சிறுதானிய விதைகளைப் பானைகளில் சாம்பலும் வேப்பிலையும் போட்டுக் காத்தார்கள். அங்கே விதை விலைக்கு அல்ல. வாங்கிப்போனவள் அறுவடை முடிந்ததும் கூடுதலாகத் திருப்பித் தருவாள். 2008இல் சொந்தமாகச் சமுதாய வானொலி தொடங்கித் தங்கள் மொழியில் தாங்களே பேசினார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது அவர்களுக்குக் கிடைத்தது. கவனிக்க வேண்டியது விருதை அல்ல. அவர்கள் யாருடைய மண்டபத்திலும் ஓர் ஓரத்தில் இடம் கேட்கவில்லை. தங்கள் வட்டத்தைத் தாங்களே போட்டார்கள். கற்க வந்தவர்கள் அந்த வட்டத்துக்குள் வந்து உட்கார வேண்டியிருந்தது.

அம்மாவும் அடுத்த பருவத்தில் ஒரு சிறு வட்டம் போட்டார். எங்கள் தெருவில் ஆறு பெண்கள். ஆலை விடுமுறை ஞாயிற்றுக்கிழமைதான். அன்று ஒருத்தி காட்டில் எல்லோரும் இறங்குவார்கள், அடுத்த ஞாயிறு இன்னொருத்தி காட்டில். கையால் முட்டை பொறுக்குவது, வரப்பில் தட்டைப்பயறு ஊன்றுவது, மழை எப்போது என்று சண்டை போடுவது, எல்லாம் சேர்ந்துதான்.

ஒரு ஞாயிறு ஊர்த்தெருப் பெண் ஒருத்தி வரப்பு வரை வந்து நின்றாள். எங்கள் காட்டுக்கு அடுத்த காடு அவளுடையது. என் வயதுதான். என் அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். என்ன அடித்தீர்கள், எப்படி அடித்தீர்கள் என்று கேட்டாள். அம்மா எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "குடிக்கத் தண்ணி வேணுமா தாயி?" என்றும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குக் கோபம். "எதுக்கும்மா சொன்ன? அவங்க கூட்டத்துக்கு உன்னக் கூப்பிட்டாங்களா?"

அம்மா குருத்தைப் பிரித்தபடியே சொன்னார். "புழுவுக்குத் தெரியுமாடா எது எந்தத் தெருக் காடுன்னு? அவ காட்டுல விட்டா நாளைக்கு எங்காட்டுக்குத்தான வரும்."

அம்மாவின் பதிலை நான் பெருந்தன்மை என்று எழுதினால் அது பொய். அது விவசாயம். பூச்சிக்கும் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் வரப்பு கிடையாது. பக்கத்துக் காட்டோடு பேசாமல் சிறு விவசாயி பிழைக்கவே முடியாது. பேசவிடாமல் தடுக்கிற சாதி, ஒழுக்கத்துக்கு மட்டுமல்ல, வெள்ளாமைக்கும் கேடு. அண்ணல் அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி மத வேறுபாடு இல்லாமல் ஊராருக்குப் பகிர்ந்து, கூட்டுப்பண்ணையாக உழவேண்டும் என்று கேட்டது இதனால்தான். நிலவுடைமையாளன், குத்தகைதாரன், நிலமற்ற கூலி என்ற மூன்று படியும் இருக்கக்கூடாது என்றார். படிகள் இருக்கும்வரை அங்கே 'சக' விவசாயி என்று ஒருவர் கிடையாது. மேலே இருப்பவர், கீழே இருப்பவர்தான் உண்டு.

அந்த நாள் வரும்வரை கும்பிட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே கேட்கக்கூடியவை இருக்கின்றன. வயல்வெளிப் பள்ளி சுழற்சி முறையில் எங்கள் தெருக்காரர் காட்டிலும் நடக்கட்டும். கூட்டம் ஆலை வேன் திரும்பிய பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ இருக்கட்டும். குழுவுக்கு அரசு தரும் எந்திரத்தின் சாவியும் கணக்கு நோட்டும் யார் வீட்டில் இருக்கின்றன என்பது ஊருக்குத் தெரியட்டும். உழுபவர் பெயரில் அடங்கல் எழுதப்படட்டும். பஞ்சமி நிலம் மீட்கப்பட்டு, எங்கள் பெண்கள் கூட்டாக உழக் கொடுக்கப்படட்டும்.

நகரத்தில் இயற்கை விவசாயம் பேசும், மரபு விதைத் திருவிழாக்களுக்குப் போகும் இளம் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்ப நிலத்தை இன்று யார் உழுகிறார்கள்? அவர் பெயர் எந்தத் தாளிலாவது இருக்கிறதா? அவரிடம் நீங்கள் கற்றது என்ன? மேடையில் விதையின் பெயரைச் சொல்லும்போது அதைக் காத்தவளின் பெயரையும் மரியாதையோடு சொல்கிறீர்களா?

வரப்பில் நின்று கேட்டுப்போன அந்தப் பெண்ணின் காடும் அந்தப் பருவத்தில் தப்பியது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவள் இப்போதும் அவ்வப்போது வருகிறாள், கேட்கிறாள், அம்மாவும் சொல்கிறார்.

இன்றுவரை பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.