நாமினி இல்லாத காகிதங்கள்

கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' 1978-ல் வந்தது. நம் கூட்டங்களில் அது பேசப்படும் விதம் எனக்கு அலுத்துவிட்டது. கணேசனின் தொழுநோயைப் பற்றிப் பேசுவோம். பசி என்பதன் தத்துவத்தைப் பேசுவோம். கிட்டாவை எதிரில் நிறுத்திப் பணத்தின் வெறுமையைப் பேசுவோம். கடைசியில் வேதாந்தத்தில் போய் உட்கார்ந்து, காபி சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். இளமையில் கணேசனுக்கு ஆண்களோடு ஏற்படும் உடலுறவு மட்டும், ஏதோ அச்சுப்பிழை போல, யார் கண்ணிலும் படுவதில்லை. மிஞ்சிப் போனால் 'துணிச்சலான சித்தரிப்பு' என்று ஒரு வார்த்தை. துணிச்சல் ஆசிரியருடையது. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு நழுவுகிறவரின் கோழைத்தனத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கரிச்சான் குஞ்சு மன்னார்குடியையும் கும்பகோணத்தையும் உள்ளும் புறமும் அறிந்தவர். அவர் அதை ஆகாயத்திலிருந்து பறித்து எழுதவில்லை என்றால், அந்த வாழ்க்கை இந்த ஆற்றங்கரையில் இருந்தது. வாழ்ந்தவர்களின் சுவடு எங்கே? நாவல் சாட்சிப் பத்திரம் அல்ல. ஆனால் வேறு சாட்சியங்கள் மிஞ்சாத இடத்தில், ஒரு ஜில்லாவின் சாட்சியம் முழுவதையும் ஒரு நாவல் சுமக்கும்படி ஆகிறது. இது நாவலுக்கும் அநியாயம், மனிதர்களுக்கும் அநியாயம்.

பாதுகாக்கத் தெரியாத சீமையா இது? சரபோஜி சேர்த்த சுவடிகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. மராட்டிய அரண்மனையின் வரவு செலவுகூட மோடி எழுத்தில் கட்டுக்கட்டாகத் தங்கியிருக்கிறது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதை நமக்குப் பாலபாடம். ஆனால் எதைக் காப்பது என்பதில் நாம் எப்போதும் ஆள் பார்த்திருக்கிறோம். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' பெண்ணின் காமத்தைப் பெண்ணே சொன்ன காவியம். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-ல் அதைப் பதிப்பித்தார். வெள்ளை அரசாங்கம் ஆபாசம் என்று தடை செய்தது. தடை நீங்க 1947 ஆயிற்று. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி எழுப்பிய நாகரத்தினம்மாளுக்கு ஆராதனையில் மரியாதை உண்டு. அந்தப் புத்தகத்தை அச்சேற்றிய நாகரத்தினம்மாளைப் பற்றி அங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஆணை விரும்பிய ஆண்கள், பெண்ணை விரும்பிய பெண்கள், திருநங்கையர், திருநம்பியர் - இவர்களுடைய கடிதங்களுக்கும் நினைவுகளுக்கும் தஞ்சையில் ஒரு காப்பகம் வேண்டும் என்கிறேன். சொன்னதும் முதலில் எழுந்து நிற்பவர் மரபுவாதி. நம்மிடம் இல்லாததா என்பார். சிலப்பதிகாரத்துப் பதினோராடலில் காமன் ஆடிய பேடு உண்டு. தொல்காப்பியர் ஆண்மை திரிந்தவர்களைப் பற்றி இலக்கணம் சொல்லியிருக்கிறார். கூவாகத்தில் சித்திரை மாதம் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். பெரிய கோயிலில் அர்த்தநாரி நிற்கிறார். எல்லாம் சரி. கல்லுக்குக் கும்பிடு போடும் இவர் தம் வீட்டுத் திண்ணையில் அந்த மனிதரை உட்கார வைப்பாரா? மனிதருக்கு ஊர் உண்டு, தேதி உண்டு, வாடகை பாக்கி உண்டு. மெலட்டூர் பாகவத மேளாவில் தலைமுறை தலைமுறையாக ஆண்களே பெண் வேஷம் கட்டுகிறார்கள். பெண் வேஷம் கட்டுகிறவரெல்லாம் திருநங்கை என்றோ, ஆணை விரும்புகிறவர் என்றோ சொல்வது அசட்டுத்தனம். அரிதாரம் கலைத்தபின் அவர்களில் யார் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டு எழுதியவர் யார்? நாம் ஊகிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அவர்கள் பேச விரும்பினால் கேட்டு எழுதி வைப்போம்.

இரண்டாமவர் நம் முகாமைச் சேர்ந்தவர். படைப்பைப் பார், படுக்கையறையைப் பார்க்காதே என்பார். அழகான கொள்கை. இதே நண்பர் ஒரு எழுத்தாளரின் தாம்பத்தியம், கடன், குடி, மனைவிக்கு எழுதிய கடிதம் எல்லாவற்றையும் வைத்துச் சிறப்பிதழ் போடுவார். கணவன் மனைவிக்கு எழுதினால் இலக்கிய ஆவணம். இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ எழுதிக்கொண்டால் அந்தரங்கம். இதற்கு விமர்சனக் கோட்பாடு என்று பெயர் வைக்காதீர்கள்.

மூன்றாவது ஆட்சேபம்தான் மதிக்கத் தக்கது: எழுதி வைத்தால் ஆபத்து. உண்மை. காவல் நிலையமும் ஒரு ஆவணக் காப்பகம்தான். 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம், அலிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களைப் பதிவேட்டில் ஏற்ற வழி செய்தது. 377-ஆவது பிரிவு, 2009-க்கும் 2013-க்கும் நடுவே டெல்லித் தீர்ப்பு தந்த மூச்சு நீங்கலாக, 2018 செப்டம்பர் 6 வரை தலைக்கு மேல் தொங்கியது. அந்த நாட்களில் கடிதங்களை எரித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அயர்லாந்தைப் பாருங்கள். ஈட்ஸையும் ஜாய்ஸையும் சொல்லாமல் நமக்குப் பொழுது விடிவதில்லையே. அந்நாட்டு விடுதலைக்கு உழைத்த ரோஜர் கேஸ்மென்ட் 1916-ல் தூக்குக்குக் காத்திருந்தபோது, அவருடைய நாட்குறிப்பு என்று சொல்லிச் சில பக்கங்களைப் பிரிட்டிஷ் அரசு செல்வாக்குள்ளவர்களிடம் காட்டியது. ஆண்களோடு அவருக்கிருந்த உறவுகள் அதில் இருந்தன. கருணை காட்டச் சொன்னவர்களில் பலர் வாயடைத்துப் போனார்கள். ஆகஸ்டில் தூக்கிலிட்டார்கள். பின்னால் 1979-ல் டப்ளினில் ஹிர்ஷ்ஃபெல்ட் மையத்தைத் தொடங்கினார்கள். 1987-ல் அது தீப்பிடித்தது. ஆண்களின் உறவு 1993 வரை அங்கும் குற்றம். இதற்கிடையில் அந்த இயக்கத்தார் துண்டறிக்கை, செய்தித்தாள் நறுக்கு, கூட்டக் குறிப்பு என்று விடாமல் சேர்த்தார்கள். ஐரிஷ் குவியர் ஆவணக் காப்பகம் என்ற பெயரில் அவை 2008-ல் தேசிய நூலகத்துக்குப் போயின. ஒரு பெட்டி அரசாங்கத்திடம் இருந்தது, கழுத்தை இறுக்கியது. இன்னொன்றை வாழ்ந்தவர்களே நிரப்பினார்கள். நாடு அதை வாங்கி வைத்துக்கொண்டது. சாவி யாரிடம் என்பதே கேள்வி.

சாவி என்றதும் என் பிழைப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வங்கி குமாஸ்தா. பால்புதுமையினர் கூட்டுக் கணக்கு தொடங்கவும், துணைவரை நாமினியாகக் குறிக்கவும் தடை இல்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் விளக்கம் தந்தது. திருமண உரிமையை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மறுத்தபின் வந்த சிறிய ஆறுதல். ஆக, பணம் உடன் வாழ்ந்தவர் கைக்குப் போக வழி உண்டு. கடிதத்துக்கும் டைரிக்கும் போட்டோவுக்கும் நாமினி படிவம் கிடையாது. உயில் எழுதலாம், எழுதுகிறவர் எத்தனை பேர்? அவை அண்ணன் மகனிடம் போகும். அவன் குடும்ப மானத்துக்காக எரிப்பான், அல்லது எடைக்குப் போடுவான்.

கலை இதையெல்லாம் காப்பாற்றாதா என்பீர்கள். காப்பாற்றியிருக்கிறது, நம் ஒத்தாசை இல்லாமல். ரேவதி தன் கதையை 'வெள்ளை மொழி'யில் எழுதும் முன்பே, 2005-ல் 'உணர்வும் உருவமும்' நூலில், அன்று அரவானிகள் எனப்பட்டவர்களின் வாழ்வைக் கேட்டுத் தொகுத்தார். பிறகு தன் வாழ்வைத் தனி ஆளாக மேடையில் நிகழ்த்தினார். மதுரையிலிருந்து வந்த நர்த்தகி நடராஜைத் தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளை சிஷ்யையாக ஏற்றார். 2019-ல் பத்மஸ்ரீ வந்தபின் அந்தக் கதை ஊருக்குத் தெரிந்தது. விருது வராதவர்களின் கதை யாரிடம் இருக்கிறது? சொல்லுக்குக்கூட நாம் பிந்திவிட்டோம். 2022-ல் தமிழக அரசிதழில் இவர்களைக் குறிக்கும் சொற்பட்டியல் வந்தது உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதால். மொழியே மூச்சு என்கிற நாம் அதைக் கேட்கவில்லை.

ஆகவே தஞ்சையில் ஒரு பெட்டி வேண்டும். எதை வைப்பது, யார் பார்ப்பது, எத்தனை ஆண்டு மூடி வைப்பது என்பதைக் கொடுப்பவர்கள் தீர்மானிக்கட்டும். பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம். 30 ஆண்டு சீல் வைக்கச் சொன்னால் 30 ஆண்டு. சாவி அவர்களிடம் இருக்கட்டும். நமக்கு மிஞ்சுவது குமாஸ்தா வேலை: பட்டியல் எழுதுவது, பூச்சி அரிக்காமல் பார்ப்பது, எழுத வராதவர் சொல்வதை எழுதித் தருவது. பெங்களூரில் 2017-ல் குவாம்ரா காப்பகம் தொடங்கினார்கள். முடியாத காரியம் அல்ல. தமிழ்ப் பல்கலைக்கழகம் இடம் தந்தால் நல்லது. தராவிட்டால் ஒரு வாடகை அறை. கைக்காசு போட்டு இதழ் நடத்துகிற நமக்கு அது புதிதா?

கேட்க வேண்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அதற்குள் 'பசித்த மானிட'த்துக்கு இன்னொரு கருத்தரங்கு வைப்பதானால், கணேசன் இளமையில் யாரோடு இருந்தான் என்பதை முதல் அமர்விலேயே பேசுங்கள். முடியாதென்றால் மண்டபத்துக்குக் கட்டும் வாடகையை அந்த அறைக்குத் தாருங்கள்.