கரஸ்ஸில் மென்பொருள் பொறியியல்: எங்கள் நிலைப்பாடு

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வேலை பார்த்துக்கொண்டே கணினி படிப்பவர்களுக்கு வழிகாட்டுவது எங்கள் சங்கத்தின் பணி. சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் ஒரே கேள்விதான்: "சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் கரஸ்ல படிக்கலாமா?" ஸ்ரீசிட்டியில் ஷிப்ட் பார்க்கும் பையன் கேட்கிறான், நகரி விசைத்தறி வீட்டுப் பெண் கேட்கிறாள், கல்யாணத்தோடு படிப்பை விட்டவர்களும் கேட்கிறார்கள்.

படிக்கலாம். ஆனால் கரஸ்ஸில், அதாவது தொலைநிலையில், பி.டெக். என்று சொல்லி எவர் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைகள் பொறியியல் பட்டத்தைத் தொலைநிலையில் நடத்த அனுமதிப்பதில்லை. அந்தத் தடைக்குப் பின்னால் ஒரு பெரிய அடி இருக்கிறது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்தன. அவற்றில் ஒன்று, நமக்குப் பக்கத்தில், சேலத்தில் இருப்பது. 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம், 2001-05 காலத்தில் சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்து மறுதேர்வு எழுதச் சொன்னது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. கட்டணத்தைத் திருப்பித் தர உத்தரவு வந்தது. போன வருடங்களை யார் திருப்பித் தருவது?

சட்டப்படி திறந்திருக்கும் வழி பி.சி.ஏ., எம்.சி.ஏ. இவற்றைத் தொலைநிலையில் படிக்கலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.சி.ஏ.வில் மென்பொருள் பொறியியல் என்ற பெயரிலேயே ஒரு தாள் உண்டு. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டத்துக்கு ஜேஇஇ எழுத வேண்டாம். பாடம் இணையத்தில், தேர்வு மட்டும் நேரில். இதுவும் பி.டெக். இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மென்பொருள் தொழிலுக்குத் தூரம் ஒரு தடையே இல்லை என்பது எங்கள் கருத்து. 1991இல் ஹெல்சிங்கி மாணவர் ஒருவர் தொடங்கிய லினக்ஸ், ஒருவரையொருவர் பார்த்தேயிராத ஆயிரக்கணக்கானவர்கள் மின்னஞ்சலில் திருத்தித் திருத்தி வளர்த்தது. பாலம் கட்டுவதை அப்படிக் கற்க முடியாது. நிரல் எழுதுவதைக் கற்கலாம்.

கோளாறு வேறு இடத்தில். எங்களிடம் வரும் ரெக்கார்ட் நோட்டுகளைப் பார்க்கிறோம். ஒரு பக்கம் நீல மையில் நிரல், எதிர்ப்பக்கம் பென்சிலில் விடை. மூன்று நோட்டில் ஒரே நிரல், ஒரே இடத்தில் ஒரே அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. எந்தக் கணினியிலும் அது ஒருமுறைகூட ஓடியதில்லை. இப்படி வாங்கும் பட்டத்தைப் பார்த்து நேர்காணலில் முகம் சுளித்தால் கோபப்பட முடியுமா, சொல்லுங்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது இது. 1954 முதல் திருப்பதியில் இருக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் கணினி ஆய்வகங்களைத் தொலைநிலை மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். கையெழுத்து ரெக்கார்டை ஒழித்து, மாணவர் எழுதி ஓடவிட்ட நிரலையே மதிப்பிட வேண்டும். இன்னொருவர் எழுதிய நிரலைப் படித்துப் பிழை கண்டு திருத்துவதற்கும் மதிப்பெண் வேண்டும். வேலைக்குப் போனால் பாதிப் பொழுது அதில்தான் போகிறது.

மொழி இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டு எல்லையோரப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைப் படிப்பைத் தங்கள் மாநிலத்துக்கு வெளியே நடத்த முடியாது. தமிழ்நாட்டுத் திருத்தணி எட்டிப்பார்த்தால் தெரியும் தூரத்தில் இருந்தாலும் நகரியில் கல்வி மையம் வைக்க வழியில்லை. இணையவழிப் பட்டத்துக்கு அந்த எல்லை கிடையாது. அதனால் அனுமதி பெற்ற தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கணினிப் பாடங்களைத் தமிழ் விளக்கத்தோடு இணையத்தில் தர வேண்டும். குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை இருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் விளக்கக் கையேடு போட அதைவிடப் பொருத்தமான இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

சேரப்போகிறவர்களுக்கு: மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் பெயர், அனுமதி எந்த ஆண்டுக்கு என்ற மூன்றையும் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். அதற்குமுன் ஏஜென்ட் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.