அகன்ற வானில் குறுகிய பாதை: கோடையில் ஐரோப்பிய விமானங்கள் ஏன் காத்துக் கிடக்கின்றன?

2019 ஜூன் 28 அன்று, ஒரே நாளில் 37,228 விமானங்கள் ஐரோப்பிய வான்வெளியில் பறந்தன. அடுத்த ஆண்டே கொரோனா வந்து அந்த வானத்தை வெறிச்சோட வைத்தது. இப்போது நிலைமை மீண்டும் பழையபடி திரும்பிவிட்டது. கோடை மாதங்களில் நாளொன்றுக்கு 35 ஆயிரம் விமானங்களைத் தாண்டுவது அங்கு சாதாரணமாகிவிட்டது. கூடவே பயணிகளின் காத்திருப்பும் திரும்பி வந்திருக்கிறது. விமானத்தில் ஏறி அமர்ந்து, கதவும் மூடப்பட்ட பிறகு, "வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு காரணமாகத் தாமதம்" என்ற அறிவிப்பைக் கேட்காத கோடைப் பயணி அங்கு குறைவு.

வானம் அவ்வளவு நிறைந்துவிட்டதா? இல்லை. இருக்கும் வானத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள், எப்படித் திட்டமிடுகிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. லண்டனிலும் பாரிஸிலும் ஜெர்மனியிலும் வாழும் நம் உறவினர்கள் கோடை விடுமுறையில்தான் ஊருக்கு வருகிறார்கள். எனவே இது நம் வாசகர்களுக்கும் தொடர்புள்ள விஷயம்.

ஒரு பயணம் எப்படித் திட்டமிடப்படுகிறது?

ஐரோப்பாவில் புறப்படும் ஒவ்வொரு பயணிகள் விமானமும் எந்தப் பாதையில், எந்த உயரத்தில், எந்த நேரத்தில் பறக்கப் போகிறது என்ற பறப்புத் திட்டத்தை முன்கூட்டியே தாக்கல் செய்ய வேண்டும். இந்தத் திட்டங்கள் அனைத்தும் பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட யூரோகண்ட்ரோல் என்ற அமைப்பிடம் சென்று சேர்கின்றன. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளை உறுப்பினர்களாகக் கொண்டது இந்த அமைப்பு.

வான்வெளி செக்டார் எனப்படும் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் இத்தனை விமானங்களைத்தான் பாதுகாப்பாகக் கவனிக்க முடியும் என்று ஒவ்வொரு செக்டாருக்கும் ஒரு வரம்பு உண்டு. தாக்கலான திட்டங்களைக் கூட்டிப் பார்க்கும்போது அந்த வரம்பு மீறப்படும் என்று தெரிந்தால், சில விமானங்கள் தரையிலேயே நிறுத்தி வைக்கப்படும். அவற்றுக்குப் புதிய புறப்பாட்டு நேரம் ஒதுக்கப்படும். இதைத்தான் ஸ்லாட் என்கிறார்கள். அந்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்பிருந்து 10 நிமிடம் பின்பு வரை விமானம் மேலெழும்பிவிட வேண்டும். தவறினால் பெரும்பாலும் புதிய ஸ்லாட்டுக்குக் காத்திருக்க நேரிடும்.

வானில் வட்டமிட்டு எரிபொருளை வீணாக்குவதைவிடத் தரையில் காத்திருப்பது பாதுகாப்பானது, சிக்கனமானதும்கூட. இந்த ஏற்பாட்டில் தவறில்லை. ஆனால் இது ஒழுங்காக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. தாக்கல் செய்த திட்டப்படியே விமானங்கள் பறக்க வேண்டும்.

நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. முந்தைய பயணம் தாமதமானதால் ஒரு விமானம் பிந்திப் புறப்படுகிறது. இன்னொன்று, புறப்பட்ட பின் குறுக்குப் பாதை கேட்டு வாங்கி, அடுத்த செக்டாருக்குள் முன்னதாகவே நுழைந்துவிடுகிறது. வேறொன்று, திட்டத்தில் எழுதிய உயரத்தை விட்டு வேறு உயரத்தில் பறக்கிறது. விளைவு, எதிர்பாராத நேரத்தில் ஒரே செக்டாரில் கூட்டம் சேர்கிறது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் கட்டுப்பாட்டாளர்கள் என்ன செய்வார்கள்? தங்கள் வரம்பையே முன்னெச்சரிக்கையாகக் குறைத்து அறிவிப்பார்கள். ஒருவர் மிச்சம் பிடித்த ஐந்து நிமிடம், மற்ற பலரின் தாமதமாக மாறிவிடுகிறது.

நேர்கோடு எப்போதும் சிக்கனமல்ல

இரண்டு நகரங்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதையே சிறந்த பாதை என்று நாம் நினைப்போம். கோடைக்கால ஐரோப்பாவில் அந்தக் கணக்கு சரிவராது. குறுகிய பாதை நெரிசலான செக்டார் வழியாகச் சென்றால் ஒரு மணி நேரம் தரையில் நிற்க நேரலாம். அதைச் சுற்றிச் சென்றால் கூடுதலாகப் பத்து நிமிடம் பறந்தாலும் உடனே புறப்பட்டுவிடலாம். சில சமயம் நெரிசலுக்குக் கீழே, குறைந்த உயரத்தில் பறக்கச் சம்மதித்தால் காத்திருப்பு குறையும். ஆனால் தாழ்வாகப் பறந்தால் எரிபொருள் அதிகம் செலவாகும்.

பணக் கணக்கும் இதில் சேர்கிறது. தன் வானைக் கடக்கும் விமானத்திடம் ஒவ்வொரு நாடும் தூரத்தையும் விமானத்தின் எடையையும் வைத்துக் கட்டணம் வசூலிக்கிறது. இந்தக் கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. எனவே நீண்ட பாதையே மலிவான பாதையாக அமைவதும் உண்டு.

இதோடு கோடைப் பிற்பகல்களின் இடிமேகங்களும் சேர்கின்றன. மேகத்தைத் தவிர்க்க எல்லா விமானங்களும் ஒரே இடைவெளியை நோக்கித் திரும்பும்போது காலையில் போட்ட கணக்கு மாலையில் உதவாமல் போகிறது. காலையில் முதல் பயணம் அரை மணி நேரம் பிந்தினால், அன்று அதே விமானம் செய்ய வேண்டிய நான்கைந்து பயணங்களும் பிந்துகின்றன. நாளின் முதல் புறப்பாட்டுக்கு விமான நிறுவனங்கள் முக்கியத்துவம் கொடுப்பதற்கு இதுவே காரணம்.

போர் பறித்த வான்வெளி

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. தொடர்ந்து ரஷ்யாவும் ஐரோப்பிய நாடுகளும் தத்தம் வானை ஒருவருக்கொருவர் மூடிக்கொண்டன. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரத்தில் சென்ற ஃபின்ஏர் விமானங்கள் சுமார் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று.

உக்ரைன் வழியாகச் சென்றவை தெற்கே ஒதுங்கின. ஹங்கேரி, ருமேனியா, பால்கன் நாடுகள், துருக்கி என்று நீளும் அந்தத் தென்கிழக்குப் பாதை, கோடையில் கிரீஸுக்கும் துருக்கிக்கும் செல்லும் சுற்றுலாப் பயணிகளின் பாதையும்தான். 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது ஈரான், ஈராக், ஜோர்டான் வான்வெளிகளும் மூடப்பட்டன. அதே மாதம் 23ஆம் தேதி கத்தாரும் சில மணி நேரம் தன் வானை மூடியது. லண்டனிலிருந்து சென்னைக்கோ கொழும்புக்கோ வரும் பயணத்தின் வழியும் நேரமும் இப்படி ஒவ்வொரு போரோடும் மாறுகின்றன. குண்டு விழும் இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களும் போரின் விலையைக் கொடுக்கிறார்கள்.

ஒரே வானம், பல சுவர்கள்

போரும் வானிலையும் மனிதர் உடனே மாற்ற இயலாதவை. ஆனால் எல்லைக்கோடுகளால் வானத்தைத் துண்டாடியது அரசுகளின் முடிவு. அமெரிக்க வானைக் கவனிக்கும் பொறுப்பு எஃப்.ஏ.ஏ. என்ற ஒரே அமைப்பிடம் இருக்கிறது. ஐரோப்பாவிலோ முப்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் அதைச் செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவிகள், தனி ஊழியர்கள், தனி விதிகள்.

இதை மாற்ற ஐரோப்பிய ஒன்றியம் 'ஒரே ஐரோப்பிய வானம்' என்ற திட்டத்தை 2004இல் சட்டமாக்கியது. நீண்ட இழுபறிக்குப் பிறகு 2024இல் திருத்தச் சட்டம் நிறைவேறியது. அதிலும் நாடுகள் தங்கள் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கத் தயங்கியதால் முதலில் முன்வைத்த பல யோசனைகள் நீர்த்துப்போயின. இறையாண்மை, ராணுவப் பயன்பாடு, ஊழியர்களின் வேலைப் பாதுகாப்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. அவற்றை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால், முடியாத காரியம் என்று சொல்லவும் இடமில்லை. நெதர்லாந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க் ஆகிய நாடுகளின் வானையும் வடமேற்கு ஜெர்மனியின் வானையும் 24,500 அடிக்கு மேல் மாஸ்ட்ரிச் நகரிலுள்ள ஒரே மையம்தான் கவனிக்கிறது. 1970களிலிருந்து இயங்கும் இந்தக் கூட்டு ஏற்பாட்டால் எந்த நாடும் தன் இறையாண்மையை இழந்துவிடவில்லை.

ஆள் பற்றாக்குறை இன்னொரு காரணம். ஒரு கட்டுப்பாட்டாளரைத் தயார் செய்யச் சில ஆண்டுகள் ஆகும். கொரோனா காலத்தில் பயிற்சிகள் முடங்கியதன் விளைவு இன்னும் தொடர்கிறது. 2025 ஜூலை 3, 4 தேதிகளில் பிரான்ஸில் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊழியர் பற்றாக்குறையே அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் செல்லும் வழியில் பிரான்ஸ் இருப்பதால், அங்கே இறங்காத விமானங்களும் ரத்தாயின.

மென்பொருளும் கைவிடக்கூடும். 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனின் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரே ஒரு பறப்புத் திட்டத்தால் முடங்கியது. அந்தத் திட்டத்தில் ஒரே சுருக்கப் பெயர் கொண்ட இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று அமெரிக்காவில், மற்றொன்று பிரான்ஸில். குழம்பிய கணினி நின்றது. மாற்றுக் கணினியும் அதே குழப்பத்தில் நின்றது. ஏழு லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டனர்.

பயணிக்கு என்ன உரிமை?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சென்று சேரும் பயணிக்கு 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கிடைக்கலாம். ஆனால் தாமதத்துக்கு வான்போக்குவரத்துக் கட்டுப்பாடோ கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தமோ காரணமென்றால் அது 'அசாதாரணச் சூழல்' என்று கருதப்படும். பொதுவாக இழப்பீடு கிடைக்காது. விமான நிறுவனம் அரசைக் கைகாட்டும். அரசு பக்கத்து நாட்டைக் கைகாட்டும். நடுவில் நிற்பவர், குழந்தைகளோடு விமான நிலையத் தரையில் உறங்கும் பயணிதான்.

ஆனாலும் இழப்பீடு இல்லை என்பதற்காக எல்லா உரிமையும் போய்விடுவதில்லை. காத்திருக்கும் நேரத்தில் உணவும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் விமான நிறுவனத்தின் கடமை. விமானம் ரத்தானால் மாற்றுப் பயணமோ முழுப் பணமோ கேட்டுப் பெறலாம். ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனிலும் இதே போன்ற சட்டம் இருக்கிறது. இதைத் தெரியாமல் சொந்தப் பணத்தில் செலவழித்துவிட்டு ரசீதையும் தூக்கிப் போடுவோர் நம்மில் பலர். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கோடையில் முடிந்தவரை காலையின் முதல் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். மாறிச் செல்லும் பயணமென்றால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பு அப்போது நிறுவனத்துடையது.

திட்டமிடல் என்பது தனக்கு மட்டும் குறுகிய வழியைத் தேடுவதல்ல. எல்லோரும் சொன்ன நேரத்தில், சொன்ன வழியில் சென்றால்தான் எல்லோருக்கும் வழி கிடைக்கும். விமான நிறுவனங்களுக்குப் பொருந்தும் இந்த விதி அரசுகளுக்கும் பொருந்தும். தன் வானம், தன் கட்டணம், தன் கருவி என்று ஒவ்வொரு நாடும் பிடிவாதம் பிடிக்கும்வரை, அதற்கான விலையைப் பயணிகள்தான் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.