தூங்கும்போதும் சம்பாதிக்குமா பிரெடிக்‌ஷன் மார்க்கெட் பாட்? செட்டிங்ஸில் ஒளிந்திருக்கும் ஆபத்து என்ன?

‘ஒருமுறை செட் பண்ணுங்க, அப்புறம் பாட் பார்த்துக்கும்’. பிரெடிக்‌ஷன் மார்க்கெட் பற்றி யூடியூபில் தேடினால் இந்த மாதிரி வாக்குறுதிகள் வரிசைகட்டி வரும். ஆனால், அந்த ‘ஒருமுறை செட் பண்ணுங்க’ என்ற இடத்தில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

முதலில், பிரெடிக்‌ஷன் மார்க்கெட் என்றால் என்ன?

ஒரு கேள்வி இருக்கும். ‘இந்த வேட்பாளர் ஜெயிப்பாரா?’ என்பது போல. அதற்கு ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டு பங்குகள். நீங்கள் வாங்கிய பக்கம் ஜெயித்தால் ஒரு பங்குக்கு 1 டாலர், தோற்றால் பூஜ்யம். ‘ஆம்’ பங்கு 62 சென்ட்டுக்கு விற்கிறது என்றால், அது நடக்க சுமார் 62 சதவீத வாய்ப்பு இருப்பதாக சந்தை நினைக்கிறது. அமெரிக்காவின் பாலிமார்க்கெட், கால்ஷி ஆகியவைதான் இதில் பெரிய பெயர்கள். 2024 அமெரிக்க அதிபர் தேர்தல் வெற்றியாளர் யார் என்ற ஒரே கேள்வியில் பாலிமார்க்கெட்டில் 300 கோடி டாலருக்கு மேல் வர்த்தகம் நடந்தது.

இதில் பாட்டுக்கு என்ன வேலை?

உங்கள் கணக்கோடு இணைந்த ஒரு மென்பொருள், அவ்வளவுதான். விலையைப் பார்க்கும், நீங்கள் கொடுத்த எண்ணோடு ஒப்பிடும், ஆர்டர் போடும். தேர்தலைப் பற்றியோ கிரிக்கெட்டைப் பற்றியோ அதற்குத் தானாக எதுவும் தெரியாது.

உதாரணத்துக்கு, விலை 62 சென்ட். உங்கள் கணிப்பு 70 சதவீதம். வித்தியாசம் 8 சென்ட். ‘5 சென்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வாங்கு’ என்று செட் செய்திருந்தால் பாட் வாங்கிவிடும். எவ்வளவு வாங்கும்? இதற்குப் பல பாட்களில் கெல்லி சூத்திரம் இருக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956-ல் வெளியிட்டது இது. வித்தியாசமான 8-ஐ, மீதமுள்ள 38-ஆல் வகுத்தால் சுமார் 21 சதவீதம். அதாவது 1,000 டாலர் வைத்திருந்தால் ஒரே கேள்வியில் 210 டாலர்!

சூத்திரம் சரிதான். ஆனால் உங்கள் 70 சரி என்று நம்பித்தான் அது கணக்கு போடுகிறது. உண்மையான வாய்ப்பு 58 சதவீதம்தான் என்றால், ஒவ்வொரு பங்கிலும் சராசரியாக 4 சென்ட் நஷ்டம். பாட் அதையும் அசராமல் நாள் முழுக்கச் செய்யும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கெல்லி சொல்வதில் கால் பங்குதான் போடுவார்கள். 210 டாலர் அங்கே ஐம்பது சொச்சமாகிவிடும்.

அடுத்து, ஆர்டர் வகை. திரையில் 62 சென்ட் என்று தெரியும். ஆனால் அந்த விலைக்கு 20 பங்குதான் இருக்கலாம். அடுத்தது 66, அதற்கடுத்தது 71. ‘மார்க்கெட் ஆர்டர்’ வைத்தால் பாட் மொத்தத்தையும் அள்ளிவிடும். 71-க்கு வாங்கியது உங்கள் கணிப்பான 70-ஐயே தாண்டிவிட்டது. ‘இதற்கு மேல் போகாதே’ என்று விலையைக் கட்டிப்போடும் லிமிட் ஆர்டர் இதற்குத்தான்.

‘ரிஸ்க்கே இல்லை’ என்று விற்கப்படும் வகையும் உண்டு. ‘ஆம்’ 48, ‘இல்லை’ 49, இரண்டையும் வாங்கினால் 97 சென்ட். யார் ஜெயித்தாலும் 1 டாலர் வரும், 3 சென்ட் லாபம். கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் ‘ஆம்’ கிடைத்து, ‘இல்லை’ கிடைப்பதற்குள் விலை ஏறிவிட்டால்? கையில் இருப்பது வெறும் ஒருபக்கப் பந்தயம். அந்த நிலையில் பாட் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீங்கள்தான் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

நிறுத்தும் பட்டன் எங்கே?

லாபத்துக்கான செட்டிங்ஸைவிட இதுதான் முக்கியம். 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கப் பங்குச்சந்தை. நைட் கேபிடல் என்ற பெரிய நிறுவனம் தன் தானியங்கி வர்த்தக மென்பொருளைப் புதுப்பித்தது. 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோடு ஏறவில்லை. அங்கே கிடந்த பழைய கோடு உயிர்பெற்று, கண்டபடி வாங்கித் தள்ளியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். சந்தை திறக்கும் முன்பே அந்த நிறுவனத்தின் சிஸ்டம் 97 எச்சரிக்கை மெயில்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் தானாக நிற்கும் தடை சரியாக இல்லாததுதான் விஷயத்தைப் பெரிதாக்கியது. அத்தனை பொறியாளர்கள் இருந்த இடத்திலேயே இந்த நிலை. ஒரு நாள் நஷ்ட வரம்பைக்கூட காலியாக விட்டுவிட்டு பாட்டை ஓடவிடுபவர் நிலை?

செட்டிங்ஸில் அடங்காத சூட்

2025-ல் பாலிமார்க்கெட்டில் ஒரு கேள்வி: ஜூலைக்கு முன் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி சூட் அணிவாரா? ஜூன் கடைசியில் நேட்டோ மாநாட்டுக்கு கறுப்பு ஜாக்கெட்டில் வந்தார். பல ஊடகங்கள் அதை சூட் என்றே எழுதின. ‘ஆம்’ வாங்கியவர்கள் கொண்டாடினார்கள். கடைசியில் தீர்ப்பு ‘இல்லை’. காரணம், அங்கே சர்ச்சை வந்தால் முடிவு செய்வது யூஎம்ஏ என்ற கிரிப்டோ டோக்கன் வைத்திருப்பவர்களின் ஓட்டு. விலையை மட்டும் பார்க்கும் பாட்டுக்கு இப்படி ஒரு கேள்வி மலிவாகக் கிடைக்கும் லாபமாகவே தெரியும். கேள்வியின் விதிகளை மனிதர் படித்து, சிக்கலானவற்றை ஒதுக்கி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்று. பாலிமார்க்கெட் பாட்களின் செட்டிங்ஸ் ஃபைலில் பெரும்பாலும் கிரிப்டோ வாலட்டின் ரகசியச் சாவியைப் போடச் சொல்வார்கள். முகம் தெரியாதவர் இலவசமாகத் தரும் பாட்டில் அதைப் போடுவது, வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரி. போன பணத்தைத் திரும்ப எடுத்துத் தர அங்கே வங்கி இல்லை.

இந்தியாவில் நிலைமை என்ன?

2025 ஆகஸ்ட்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இதே பாணியில் இங்கே இயங்கிய புரோபோ, பணம் கட்டி ஆடும் சேவையை அப்போதே நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2025 ஏப்ரலில் செபி ஒரு எச்சரிக்கை விடுத்திருந்தது: இத்தகைய ‘ஒப்பீனியன் டிரேடிங்’ தளங்கள் தன் கட்டுப்பாட்டில் இல்லை, பங்குச்சந்தை முதலீட்டாளருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எதுவும் இவற்றில் பணம் போடுபவருக்குக் கிடைக்காது.