பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டு நிதியில் கைவைக்காதீர்: எங்கள் நிலைப்பாடு

வரும் நிதிநிலை அறிக்கைக்கான மதிப்பீடுகள் துறைவாரியாகத் தயாராகிவரும் நிலையில், பாதிக்கப்பட்டோருக்காகப் பேசும் எங்கள் கூட்டமைப்பின் செயற்குழு இந்த அறிக்கையை வெளியிடுகிறது. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கான தமிழ்நாட்டின் 2013 திட்டம், தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018 திட்டம், அவற்றுக்காக நாம் ஏறி இறங்கிய படிகள் எல்லாம் உறுப்பினர்கள் அறிந்தவை. அவற்றை இங்கே திரும்பச் சொல்லவில்லை.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தரப்படும் இழப்பீடு அரசின் கருணை அல்ல, சட்டக் கடமை. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 357ஏ பிரிவு 2009 டிசம்பர் 31 முதல் விதித்த கடமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவாகத் தொடர்கிறது. குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நடக்காமல் போனாலும் பாதிக்கப்பட்டவர் விண்ணப்பிக்கலாம். விசாரித்து முடிக்கச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு உள்ள கெடு இரண்டு மாதம். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் சிறப்பு நீதிமன்றத்தின் உத்தரவு கிடைத்த 30 நாளில் மாநில அரசு பணம் தர வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டு விதிகள். பெண்கள், சிறார் மீதான வன்முறை வழக்குகளில் அமர்வு நீதிமன்றங்கள் இழப்பீடு குறித்து உத்தரவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் மீண்டும் வலியுறுத்தியது.

உத்தரவுகளுக்குக் குறைவில்லை. உத்தரவோடு போனால் “அலாட்மென்ட் (நிதி ஒதுக்கீடு) வரவில்லை” என்ற பதிலே நம் உறுப்பினர்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், செலவாகாத தொகையைக் காட்டி அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைப்பது நிதித்துறைகளின் வழக்கம். இந்த நிதிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்டுவிட்டு, இப்படியொரு திட்டம் இருப்பதையே காவல் நிலையத்தில் சொல்லாமல் விட்டுவிட்டு, செலவாகவில்லை என்று வெட்டுவது அநியாயம். இது தேவை இல்லாததால் மிஞ்சிய பணம் அல்ல, கொடுக்காததால் மிஞ்சிய பணம்.

தாமதத்தின் விலையைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். அரசின் பணம் கோப்பில் இருக்கும்போது குற்றம் சாட்டப்பட்ட எதிரியின் பணம் பாதிக்கப்பட்டவரின் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. உறவினர், ஊர்ப் பெரியவர், உள்ளூர்க் கட்சிக்காரர் என்று யாரோ ஒருவர் அதைக் கொண்டுவருகிறார். “கேஸ் நடத்தி என்ன கிடைக்கப்போகிறது? வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுங்கள்” என்கிறார். மகளோடு மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்து கூலிவேலையை இழந்த தாய், இரண்டு மாத வாடகை பாக்கியோடு அந்தப் பேச்சைக் கேட்கிறார். இடைக்கால நிவாரணம் அந்த வாரமே கையில் இருந்தால் “வெளியே போ” என்று சொல்ல அவருக்குத் தெம்பு இருக்கும். இல்லாதபோது சாட்சிக் கூண்டில் “எனக்கு எதுவும் தெரியாது” என்கிறார், பிறழ்சாட்சி ஆகிறார், எதிரி விடுதலையாகிறார். பிறகு, பெண்கள் துணிந்து சாட்சி சொல்ல முன்வருவதில்லை என்று மேடையில் வருந்துகிறார்கள்! தாமதம் வேண்டுமென்றே செய்யப்படுகிறது என்று செயற்குழு கூறவில்லை. ஆனால் அதன் பலன் குற்றவாளிக்கே போய்ச் சேர்கிறது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

ஒன்றிய அரசின் பொறுப்பும் குறைந்ததல்ல. 2013 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் பெண்கள் பாதுகாப்புக்காக அறிவித்த நிர்பயா நிதி 1,000 கோடி ரூபாயில் தொடங்கியது. அதிலிருந்து பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்காக மாநிலங்களுக்குச் சென்றது ஒருமுறை மட்டும் தரப்பட்ட 200 கோடி. கண்காணிப்புக் கேமராக்களை நிறுவும், சென்னை உட்பட எட்டு நகரங்களின் ‘பாதுகாப்பான நகரம்’ திட்டத்துக்கும் இந்த நிதியிலிருந்தே பணம் போகிறது. கேமரா தேவையா என்பதில் செயற்குழுவில் இரு கருத்துகள் உண்டு. ஆனால் கேமரா யாருக்கும் வீட்டு வாடகை கட்டாது.

தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018 திட்டம் பெண்களுக்கானது. ஆண்களுக்கும் திருநருக்கும் அதற்கு இணையான தொகை பரிசீலிக்கப்பட வேண்டும் என்பது செயற்குழுவில் இப்போதைக்கு எட்டப்பட்ட உடன்பாடு. அத்திட்டத்தில், இழப்பீட்டில் 75 விழுக்காட்டை நிரந்தர வைப்பில் போடும் விதியை, தேவையறிந்து தளர்த்துவதை வரவேற்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்:

1. இழப்பீட்டு நிதிக்குத் தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும். மார்ச் 31இல் அது காலாவதியாகக் கூடாது. திருத்த மதிப்பீட்டில் குறைப்பதும் வேறு தலைப்புக்கு மாற்றுவதும் கூடாது.

2. இடைக்கால நிவாரணத்தை உடனே வழங்க ஒவ்வொரு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமும் சுழல்நிதி இருக்க வேண்டும்.

3. விண்ணப்பங்கள், உத்தரவுகள், வழங்கிய தொகை, நிலுவை ஆகியவற்றை மாவட்டவாரியாகச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

4. ஒன்றிய அரசு தன் பங்கை ஆண்டுதோறும் தர வேண்டும்.

மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் உறுப்பினர்கள் தத்தம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைச் சந்தியுங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரோ அடையாளமோ வெளிவராமல், நிலுவையிலுள்ள உத்தரவுகளின் பட்டியலை அவர் கையில் கொடுங்கள். நீதிமன்றம் உத்தரவிட்ட தொகைக்குப் பணம் ஒதுக்காத பட்ஜெட்டை, பாதிக்கப்பட்டோருக்கு எதிரான பட்ஜெட் என்றே இந்தக் கூட்டமைப்பு கருதும்.